டிராக்டர் முன் சக்கரமும் இரண்டு ஜெர்மன்காரர்களும்

போன வாரம் டை ராடு மாற்ற டிராக்டரை ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தேன். வேலை முடிந்து ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துப் பார்த்தால், உள்பக்கச் சக்கரம் நிறைய திரும்பியிருக்கு, வெளிப்பக்கச் சக்கரம் கம்மியா. சரியா மாட்டலையோன்னு கேட்டேன். மெக்கானிக் தம்பி, "அது அப்படித்தாண்ணே இருக்கணும். அக்கர்மேன்னு பேரு" என்றான். யார்டா அந்த ஆளுன்னு தேடிப் படித்தேன்.

களத்தில் பிணையல் ஓட்டினவங்களுக்கு இது சுலபமாப் புரியும். உள் மாடு சின்ன வட்டம் போடும், வெளி மாடு பெரிய வட்டம் போடும். சக்கரமும் அப்படித்தான். பின்னச்சு திரும்பாது. அதன் நேர்கோட்டை நீட்டினால் அதில் எங்கேயோதான் வட்டத்தின் நடுப்புள்ளி இருக்கும். நாலு சக்கரமும் அந்த ஒரே புள்ளியைச் சுற்றணும். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் 2 மீட்டர், முன் சக்கரங்களுக்கு நடுவே 1.3 மீட்டர், பின்னச்சின் நடுவிலிருந்து புள்ளி 3.5 மீட்டர் தள்ளி என்று வைத்துக் கணக்குப் போட்டேன். உள் சக்கரம் 35 டிகிரி, வெளிச் சக்கரம் 26 டிகிரி வருது. ரெண்டும் ஒரே அளவு திரும்பினா ஒண்ணு தேய்ச்சுக்கிட்டேதான் வரும். டயர் விலை தெரிஞ்சவனுக்கு வயிறு எரியும்.

பழைய ஐரோப்பியக் குதிரை வண்டிகளில் முன்னச்சு முழுசும் நடு ஆணியில் சுழலும். நம்ம ஊரில் கரும்பு ஏற்றும் நாலு சக்கர டிரெய்லர் மாதிரி. ரொம்ப ஒடித்தால் ஒரு பக்கத்துக்குத் தாங்கல் இல்லாமல் வண்டி கவிழும். இங்கிலாந்தில் எராஸ்மஸ் டார்வின்னு ஒரு டாக்டர், பரிணாமம் சொன்ன டார்வினோட தாத்தா, நோயாளிகளைப் பார்க்க வண்டியிலேயே அலைந்தவர். 1759 வாக்கிலேயே, அச்சை விட்டுவிட்டுச் சக்கரத்தை மட்டும் திருப்பலாம்னு யோசித்தார். ஆனால் பேடன்ட் வாங்கவில்லை.

அப்புறம் 1816 வாக்கில் மியூனிக்கில் வண்டி செய்கிற கியோர்க் லாங்கன்ஸ்பெர்கர் அதையே தனியாகக் கண்டுபிடித்தார். லண்டனில் அவருக்கு ஏஜென்ட் ருடால்ஃப் அக்கர்மேன். இவரும் ஜெர்மன்காரர்தான். வண்டித் தொழில் தெரிந்தவர், படங்கள் அச்சடித்து விற்ற பெரிய வியாபாரி. 1818-ல் இங்கிலாந்துப் பேடன்ட் இவர் பேரில் பதிவானது. பேரும் அதோடு ஒட்டிக்கொண்டது. கிரயம் யார் பேரில் இருக்கோ அவங்களுக்குத்தானே நிலம்!

லண்டன் வண்டிக்காரர்கள் அதை ஏற்கவில்லை. 1878-ல் பாரிஸில் ஷார்ல் ழாந்தோ ஒரு திருத்தம் சொன்னார். சக்கரத்தைத் திருப்பும் இரண்டு கைகளையும் உள்சாய்வாக வை, அவற்றின் கோடுகளை நீட்டினால் பின்னச்சு நடுவில் சேரணும். சின்ன சாய்வுதான். அதிலேயே உள் சக்கரம் தானாகக் கூடுதலாகத் திரும்பும்.

கார்ல் பென்ஸ் 1886-ல் பேடன்ட் எடுத்த வண்டிக்கு மூணே சக்கரம். நாலு சக்கரத்தைத் திருப்பும் வழி அவருக்குப் பிடிபடவில்லை. 1893-லதான் அது கைக்கு வந்து நாலு சக்கர வண்டி விட்டார்.

மெக்கானிக்கிடம் லாங்கன்ஸ்பெர்கர் பேரைச் சொன்னேன். "அக்கர்மேனே இருக்கட்டும்ணே, வாயில நுழையுது" என்கிறான்.