அஞ்சனக்கோலும் அரைக்கும் கல்வமும்

கண்ணுக்கு மை தீட்டப் பயன்பட்ட உலோகக் கோல்கள் இந்தியத் தொல்லியல் களங்கள் பலவற்றில் கிடைத்துள்ளன. சிந்துவெளி நகரங்களிலும் தட்சசீலத்திலும் செம்பாலான கோல்கள் வெளிப்பட்டன. தமிழகத்தில் வைகைக்கரைக் கீழடியிலும் செம்பு மைக்கோல் கிடைத்தது. கண்ணைக் குத்தாதிருக்க இவற்றின் முனைகளை மழுக்கியிருப்பார்கள். இவற்றைப் பொதுவாக அஞ்சனக்கோல் என்று பதிவு செய்தாலும், ஒட்டியிருக்கும் பொடியைச் சோதிக்காமல் அஞ்சனக்கல் பொடியைத்தான் தீட்டினார்கள் என்று சொல்லிவிட முடியாது. எகிப்தியக் கண்மையைச் சோதித்தபோது பெரும்பாலும் காரீயத் தாதுவே தென்பட்டது. தமிழ் வீடுகளின் மையோ விளக்குப் புகைக்கரியை விளக்கெண்ணெயில் குழைத்தது; அதற்குத் தாதுவே வேண்டாம்.

அஞ்சனக்கல் என்பது ஆண்டிமனியும் கந்தகமும் சேர்ந்த கரிய தாது. நகத்தால் கீறும் அளவுக்கு மென்மையானதுதான். ஆனாலும் இமையில் பூசும் பொடியில் ஒரு துகள்கூட உறுத்தக் கூடாது என்பதால் நெடுநேரம் அரைக்க வேண்டும். சித்த வைத்தியர்கள் இத்தகைய நுண்பொடிக்குப் படகு வடிவக் கல்வத்தைப் பயன்படுத்தினர்.

ஏறக்குறைய அதே வடிவத்தில், உள்ளங்கைக்குள் அடங்கும் வெண்கலக் கல்வங்கள் பிரிட்டனில் உண்டு. பிறை போல் வளைந்த பள்ளம், அதற்குப் பொருந்தும் வளைந்த குழவி, கோத்துத் தொங்கவிட ஒரு வளையம். ரோமானியர் வருகைக்குச் சற்று முன்பு தொடங்கி அவர்கள் ஆட்சியிலும் இவை புழங்கின. தொங்கட்டான் என்றும் தாயத்து என்றும் கருதப்பட்ட இவற்றை ஒப்பனைப்பொடி அரைக்கும் இணைகளாக 1985-இல் இனங்காட்டியவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ரால்ஃப் ஜாக்சன். குழவியும் கல்வமும் பிரிந்தே கிடைப்பது வழக்கமாதலால் அதுவரை குழப்பம் நீடித்ததில் வியப்பில்லை. பெரும்பாலானவற்றை உழவு நிலங்களில் உலோகம் காட்டும் கருவியோடு அலையும் பொழுதுபோக்கு ஆர்வலர்களே கண்டெடுத்தனர். 1997 முதல் அவர்கள் தங்கள் கண்டெடுப்புகளைத் தாமாக முன்வந்து பதிவு செய்ய அங்கே ஒரு திட்டம் இருக்கிறது.

இந்தியாவில் நிலைமை வேறு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். ஒப்பனையின் வரலாறு இங்கே அகழாய்வுக் குழிகளிலிருந்துதான் பெரிதும் கிடைக்கிறது. சிவகாசி வட்டாரத்தில் அதற்கான களம் வெம்பக்கோட்டை. வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளம் மேட்டில் தமிழகத் தொல்லியல் துறை 2022 மார்ச்சில் தோண்டத் தொடங்கியது. நுண்கற்கருவிகளோடு சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள், பொன்னணிகள் எனப் பல கிடைத்தன. சங்கு வளையல் இங்கேயே அறுத்துச் செய்யப்பட்டது.

அந்த மேட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் இப்போது பட்டாசு ஆலைகள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிய 1923-க்குப் பின் வளர்ந்த தீப்பெட்டித் தொழிலிலும், அடுத்து வந்த பட்டாசிலும் அஞ்சனத்துக்குப் புது வேலை கிடைத்தது. தீப்பெட்டியின் உரசு பட்டையில் சிவப்புப் பாஸ்பரசோடு அது சேர்ந்தது. வாணங்களில் ஒளிப்பொறிக்குப் பயன்பட்டது. கண்மைக்காரர் எவ்வளவு அரைத்தாலும் கேடில்லை. ஆனால் பொட்டாசியம் குளோரேட்டுடன் சேர்த்து அரைத்தால் அந்த உராய்விலேயே கலவை பற்றிக்கொள்ளும். ஒவ்வொன்றையும் தனித்தனியே பொடியாக்கிச் சலிப்பது அதனால்தான். பட்டாசில் ஆண்டிமனி, லித்தியம், பாதரசம், ஆர்சனிக், காரீயம் ஆகியவற்றை எவ்வடிவிலும் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஜூலை 31-இல் உத்தரவிட்டது.