காவிரிக் கரையில் இரண்டு காவிகள்

1950 மார்ச் 21, புனித பெனடிக்ட் திருநாள். குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்பள்ளியில், காவிரிக் கரை மாந்தோப்பில், இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் காவி கட்டி ஓர் ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஜூல் மோன்ஷானன் 1939 முதல் திருச்சி மறைமாவட்டத்தில் ஊழியம் செய்துவந்த குருவானவர். ஆன்றி லெ சோ 1948இல் வந்து சேர்ந்த பெனடிக்டின் துறவி, பின்னாளில் அபிஷிக்தானந்தர். மூவொரு கடவுளை நினைத்து ஆசிரமத்துக்குச் சச்சிதானந்தம் என்று பெயரிட்டார்கள். ஊர் வழக்கில் அது சாந்திவனம்.

யோகம் கிறிஸ்தவ விசுவாசத்தோடு ஒத்துப்போகுமா என்ற கேள்வி ரோமாபுரிக்குப் போகுமுன்பே இந்தத் தோப்பில் கிடந்து புரண்டது. ஒத்த கருத்தோடு வந்த நண்பர்கள் இருவரும் அதில் எதிரெதிர்த் திசையில் போனார்கள்.

1949 தொடக்கத்திலேயே இருவரும் திருவண்ணாமலைக்குப் போய் ரமணரைத் தரிசித்திருந்தார்கள். லெ சோவை அந்தத் தரிசனம் விடவேயில்லை. ரமணர் மறைந்த பிறகும், 1952 முதல் அருணாசலக் குகைகளில் அடிக்கடி தங்கி மௌனத்தில் அமர்ந்தார். ‘நான்’ என்பதே கரைந்துபோனால், கடவுளை ‘நீர்’ என்று அழைப்பது யார்? இந்தத் தவிப்பை நாட்குறிப்பில் ஆண்டுக்கணக்காக எழுதினார். ஆனாலும் திருப்பலியைக் கைவிடவில்லை.

மோன்ஷானனும் இந்தியத் தத்துவத்தை ஆழக் கற்றவர்தான். ஆனால் யோகத்தின் முடிவு கைவல்யம், தனித்து நிற்றல். கிறிஸ்தவர் தேடுவதோ அன்பின் உறவு. இந்த இடைவெளியைத் தாண்ட முடியுமா என்ற ஐயம் அவருக்கு வரவர வலுத்தது. 1957இல் பாரிஸில் இறக்கும்வரை அது தீரவில்லை. இதைப் பழமைவாதம் என்று ஒதுக்குவது அநியாயம். யோகத்தை வெறும் உடற்பயிற்சியாகப் பார்ப்பவர்களைவிட, அதை அஞ்சிய மோன்ஷானன் அதற்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்தார்.

ஐரோப்பாவில் சிலர் நடுவழி தேடினார்கள். பெனடிக்டின் துறவி தெஷானே ஆசனங்களையும் மூச்சுப் பயிற்சியையும் மட்டும் எடுத்து, ஜெபத்துக்கு உடலைப் பதப்படுத்தும் வழியாக்கி 1956இல் புத்தகம் எழுதினார்.

1968இல் சாந்திவனம் பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவியிடம் வந்தது. கோயில் விமானம்போல எழுந்த ஆலயத்தில் தமிழ் பஜனை, ஆரத்தி, உபநிடத வாசிப்பு. காலை ஜெபத்தில் நெற்றிக்குச் சந்தனம், மதியம் குங்குமம், மாலையில் திருநீறு. கத்தோலிக்கரிலேயே இதைக் கண்டு கொதித்தவர்கள் உண்டு.

கிறிஸ்தவ தியானம் பற்றி, 1989 அக்டோபர் தேதியிட்டு கர்தினால் ராட்சிங்கர் கையெழுத்திட்ட மடல் வத்திக்கானில் வெளியானது. கிறிஸ்தவம் அல்லாதவை என்பதற்காகவே கிழக்கத்திய முறைகளைத் தள்ளிவிடக் கூடாது என்றது. உடற்பயிற்சி தரும் அமைதியைத் தூய ஆவியின் ஆறுதலாகக் கொள்வது தவறு என்றும் எச்சரித்தது. தெஷானேயின் வழிக்கு அதில் இடமிருந்தது. லெ சோ குகையில் எழுப்பிய கேள்விக்கு விடை இல்லை. தியான மரபுகளை இவ்வளவு ஐயத்தோடு அணுகியதை ஏற்க முடியாத கிரிஃபித்ஸ், சாந்திவனத்திலிருந்து மறுப்பு எழுதினார்.