பதிவேட்டில் ஒரு வரி

பதினான்காம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபுளோரன்சு நகரில் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ அனைவருமே, செல்வர் வீட்டுப் பிள்ளையாயினும் கூலியாள் வீட்டுப் பிள்ளையாயினும், புனித யோவானின் திருமுழுக்கு ஆலயத்திற்கே கொண்டுவரப்பட்டனர். அங்கே திருமுழுக்கு அளித்த குருவானவர் குழந்தைகளைக் கணக்கிட ஓர் எளிய வழியை வைத்திருந்தார். ஆண் குழந்தைக்கு ஒரு கறுப்பு அவரைக்கொட்டை, பெண் குழந்தைக்கு ஒரு வெள்ளை அவரைக்கொட்டை எனத் தனியே எடுத்து வைப்பார். அந்நகரின் வரலாற்றை எழுதிய ஜொவான்னி வில்லானி, ஆண்டுதோறும் 5,500 முதல் 6,000 குழந்தைகள் வரை திருமுழுக்குப் பெற்றனர் என்று குறிப்பது இக்கொட்டைகளின் கணக்கைக் கொண்டுதான்.

வில்லானி 1348-ஆம் ஆண்டின் கொள்ளைநோயில் மாண்டார். அக்குழந்தைகளுள் யார் யார் அவரோடு மாண்டனர் என்பதை அவரைக்கொட்டைகள் நமக்குச் சொல்லப்போவதில்லை. அதே ஆலயத்தில் 1450-ஆம் ஆண்டு முதல் குழந்தைகளின் பெயர்கள் ஏட்டில் எழுதப்பட்டன. அவ்வேடுகள் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. கொட்டையிலிருந்து பெயருக்கு வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

பிறந்த நாளை நினைவில் வைப்பதற்காகவே திருச்சபை பதிவேட்டைத் தொடங்கியது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை வேறு. 1563 நவம்பரில் திரெந்து பொதுச்சங்கம், திருமுழுக்கின்போது ஞானப்பெற்றோரின் பெயர்களை ஏட்டில் எழுதுமாறு பங்குக் குருக்களைப் பணித்தது. ஞானத்தாய், ஞானத்தந்தை என்னும் ஞான உறவு அந்நாளில் திருமணத்திற்குத் தடையாக இருந்தது. யாருக்கு யார் உறவு என்பது தெரியாவிட்டால் பின்னாளில் திருமணம் செல்லாததாகிவிடும். ஆகவே, பிறந்த குழந்தையைவிட, அது வளர்ந்து மணமேடை ஏறப்போகும் நாளே அன்றைய சங்கத் தந்தையரின் கண்முன் நின்றது. (அந்தத் தடை 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் இல்லை, ஏடு மட்டும் நிலைத்துவிட்டது.)

அரசர்களுக்கு வேறொரு தேவை இருந்தது. பிரான்சு நாட்டின் முதலாம் பிரான்சுவா 1539-ஆம் ஆண்டிலேயே, திருமுழுக்கு ஏட்டில் குழந்தை பிறந்த காலத்தையும் நேரத்தையும் எழுதவேண்டும் என ஆணையிட்டார். ஒருவர் உரிய வயதை எட்டினாரா என்று நீதிமன்றத்தில் வழக்கு வந்தால், சான்றுக்கு அந்த ஏடு வேண்டும். இவ்வாறு ஆலயத்து ஏடு அரசின் ஏடாகவும் ஆயிற்று. பங்குக் குரு அறியாமலே அரசின் எழுத்தரானார்.

இதன் விலையைக் கொடுத்தவர்கள் ஆலயத்திற்கு வெளியே நின்றவர்கள். 1685-இல் பதினான்காம் லூயி, புராட்டஸ்டாண்டு கிறிஸ்தவர்களுக்கு அளிக்கப்பட்டிருந்த உரிமைகளைப் பறித்தார். அதன்பின் கத்தோலிக்கக் குருவிடம் வர மனம் ஒப்பாமல் மறைவிடங்களில் மணம் செய்துகொண்டவர்களின் திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகள் முறைப்படி பிறவாதவர்களாகக் கருதப்பட்டனர். ஏட்டில் பெயர் இல்லாததால் தந்தையின் சொத்துக்கும் உரிமை கேள்விக்குள்ளாயிற்று. 1787-இல் பதினாறாம் லூயியின் ஆணை வரும்வரை, நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்நிலை நீடித்தது. நம் ஏட்டின் பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேசுவது நேர்மை. 1792 செப்டம்பர் 20 அன்று புரட்சி அரசு பிறப்புப் பதிவைக் குருக்களின் கையிலிருந்து எடுத்து ஊராட்சியிடம் ஒப்படைத்ததைத் திருச்சபைக்கு நேர்ந்த இழப்பாகவே பலர் எழுதியுள்ளனர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த மதத்தினரின் குழந்தைக்கும் ஒரே ஏடு என்பது அக்குழந்தைகளுக்குச் செய்யப்பட்ட நீதி.

அப்பதிவு வழக்கம் கடல் கடந்து நம் கரைக்கும் வந்தது. புதுச்சேரியில் 1676 முதல் எழுதப்பட்ட பதிவுகளின் சுருக்கத்தை, அங்கே ஆளுநராயிருந்த ஆல்ஃப்ரெட் மார்த்தினோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நூலாக வெளியிட்டார். பின்னர் நாடு முழுவதற்குமாக 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது. குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் தகவல் தரப்பட வேண்டும். பெயர் வைக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டியதில்லை. பெயரின்றியும் பதிவு செய்து, 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இருந்தும், "ஞானஸ்நான சர்டிபிகேட்டில் பிறந்த தேதி இருக்கிறதே சாமி, அது போதாதா?" என்று இன்றும் என்னிடம் கேட்பவர்கள் உண்டு. முதியோர் பலருக்கு அது ஒரு காலத்தில் போதுமானதாக இருந்தது. ஆனால் பங்கு ஏடு திருமுழுக்கிற்கே சான்று. பிறந்த தேதி பெற்றோர் சொல்லி நாங்கள் எழுதிக்கொள்வது. 2023 அக்டோபர் முதல் நாளிலிருந்து பிறக்கும் குழந்தைகளுக்கோ, பள்ளிச் சேர்க்கை முதல் கடவுச்சீட்டு வரை அரசின் பிறப்புச் சான்றிதழே பிறந்த நாளுக்குச் சான்று எனத் திருத்தச் சட்டம் கூறுகிறது. திருமுழுக்கு வரைக்கும் பெயரைத் தள்ளிவைத்து, பிறகு வீட்டில் ஒன்று, ஆலயத்தில் ஒன்று, அரசு ஏட்டில் ஒன்று என மூன்று பெயர்களோடு பிள்ளையை வளர்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்தப் பிள்ளை பின்னாளில் அலுவலகம் அலுவலகமாய் அலைகிறது.

இவ்வளவும் எழுதும் எனக்கு இதை எழுதத் தகுதி உண்டா என்பது தனிக்கேள்வி. குருப்பட்டம் பெற்ற மூன்றாம் ஆண்டில் ஒரு கிளைக்கிராமத்தில் மாலைத் திருப்பலிக்குப்பின் மூன்று குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தேன். பதிவேடு பங்கு இல்லத்தில் இருந்தமையால் விவரங்களைத் துண்டுத்தாள்களில் குறித்துக்கொண்டேன். மறுநாள் ஏட்டில் ஏறியவை இரண்டு பெயர்கள். இருபது ஆண்டுகளுக்குப் பின் அப்பங்கின் குரு தொலைபேசியில் அழைத்தார். திருமணத்திற்காகச் சான்றிதழ் கேட்டு வந்த பெண்ணொருத்தியின் பெயர் ஏட்டில் இல்லை. அவள் தாயும் உயிரோடு இல்லை.

நான் சென்றேன். "அப்படியென்றால் எனக்குத் திருமுழுக்கே நடக்கவில்லையா, ஃபாதர்?" என்று கேட்டாள். எனக்கு அந்தக் குழந்தையின் முகம் நினைவில்லை. ஐயத்திற்கு இடமற்ற ஒரே சாட்சியின் வாக்குமூலம் போதும் என்கிறது திருச்சபைச் சட்டம். ஞானத்தாயை அழைத்துவந்தார்கள். "அன்றைக்கு மழை சாமி. கரண்டு போய்விட்டது. அரிக்கேன் விளக்கைப் பிடித்தது நான்தான்" என்றார் அந்த மூதாட்டி. பங்குத்தந்தை பேனாவை என்னிடம் நீட்டினார். விடுபட்ட காரணத்தையும் குறித்து அந்த வரியை எழுதினேன். அந்தப் பெண் குனிந்து படித்தாள்.

"அம்மா பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போயிற்று, ஃபாதர்" என்றாள். வைத்துக் கொடுத்தேன்.