ஸ்பிரிங் மனிதனும் மைசூர் ஜாவாவும்

மோட்டார் பைக்குக்குப் பட்டப்பெயர் எதை வைத்து வரும்? சத்தத்தை வைத்து வரலாம், வேகத்தை வைத்து வரலாம். செக் நாட்டுக்காரர்கள் பழைய ஜாவாக்களுக்கு வைத்த இரண்டு செல்லப்பெயர்கள் சஸ்பென்ஷனை ஒட்டி வந்தவை!

முதல் பெயர் 'பெராக்'. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் பிடியில் இருந்த பிராக் நகரில் ஒரு வதந்தி உலவியது. காலில் ஸ்பிரிங் கட்டிய ஒருவன் இரவில் தாவித் தாவிப் போவானாம், ஜெர்மன்காரன் கையில் சிக்கவே மாட்டானாம். அவன் பெயர்தான் பெராக். அதே போர்க்காலத்தில் ரகசியமாக உருவாகி, 1946 பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்த 250 சிசி ஜாவாவின் பின்சக்கரத்துக்கும் ஸ்பிரிங் இருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆக்ஸிலின் இரண்டு முனைகளும் தனித்தனிக் குழாய்களுக்குள் மேலும் கீழும் வழுக்கும். நல்ல யோசனைதான். ஆனால் ஒரு பக்கம் அதிகமாக இறங்கினால் சக்கரம் கோணும், செயின் இறுக்கமும் மாறிக்கொண்டே இருக்கும்.

இதைச் சரிசெய்து 1954-இல் வந்தது 353 மாடல். பின்பக்கம் ஒரே துண்டான ஸ்விங் ஆர்ம், இரண்டு ஷாக் அப்சர்பர், முன்னால் டெலஸ்கோபிக் ஃபோர்க். இதன் பட்டப்பெயர் 'கீவாச்கா'. 'ஆடுகிறவள்' என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஆடுகிறவள்தான் மைசூருக்கு வந்தாள். வெளிநாட்டு வண்டி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இறுகிய காலம் அது. ஃபரூக் இரானி ஜாவாவிடம் உரிமம் வாங்கி யாதவகிரியில் ஐடியல் ஜாவா ஆலையை அமைத்தார். 1961-இல் திறந்துவைத்தவர் ஜெயசாமராஜேந்திர உடையார், பிறகு 1964 முதல் 1966 வரை நம் சென்னை மாகாணத்துக்கும் கவர்னராக இருந்தாரே, அதே மகாராஜாதான். 1973 முதல் வண்டியின் பெயர் யெஸ்டி ஆனது. 1978-இல் 18 அங்குலச் சக்கரத்தோடு ரோட்கிங் வந்தது. 80-களின் நடுவில் மைலேஜ் கொடுக்கும் ஜப்பான் கூட்டு 100 சிசி வண்டிகள் வந்தன, பின்னாலேயே புகைக் கட்டுப்பாடும் வந்தது. 1996-இல் ஆலை மூடப்பட்டது. ஜாவா பெயர் 2018-இலும், யெஸ்டி 2022-இலும் வேறு நிறுவனத்தின் கையில் திரும்பி வந்தன. அது வேறு கதை.

இப்போது நம்ம வீட்டு விஷயம். மைசூர் வீட்டுக் கொட்டகையில் அப்பாவின் 1968 ஜாவா நிற்கிறது. அதை எழுப்பும் வேலையைத் தம்பி எடுத்துக்கொண்டான். வெளிநாட்டில் பொட்டி தட்டும் என் பங்கு பணமும் அறிவுரையும் மட்டும். தம்பிக்கு 18 அங்குலச் சக்கரமும் புது பைக்கின் கேஸ் ஷாக் அப்சர்பரும் வேண்டுமாம். "அண்ணா, இது மியூசியத்துக்கா, ரோட்டுக்கா? அப்பா முதுகு வலியோட பின்னாடி உட்கார வேண்டாமா?" என்கிறான். நியாயமான கேள்வி.

ஆனால் பாருங்கள், அந்த வண்டியில் எதுவும் தனி பாகம் இல்லை. ஜாவாவின் பின் ஆக்ஸிலை உருவினால் சக்கரம் மட்டும் கையோடு வரும். செயினும் பல்சக்கரமும் மூடிய பெட்டிக்குள் அப்படியே இருக்கும். மழைச் சேற்றில் பஞ்சரானாலும் கையில் கிரீஸ் ஒட்டாமல் கழற்றலாம். வேறு சக்கரம் போட்டால் இந்த ஏற்பாடே போச்சு, செயின் பெட்டியையும் தூக்கிப் போட வேண்டியதுதான். நீளமான ஷாக் போட்டால் வால் உயர்ந்து முன் ஃபோர்க்கின் சாய்வு குறையும், ஹேண்டில் பதறும்.

சட்டமும் உண்டு. 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டிக்கு விண்டேஜ் பதிவு உண்டு. சேஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் கூடாது. வேறு பைக்கின் ஸ்விங் ஆர்மைப் பொருத்த ஃபிரேமை வெட்டி வெல்டிங் வைத்தால் அந்த வாசல் மூடிக்கொள்ளும். அந்தப் பதிவு தினசரி ஓட்டத்துக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவின் முதுகுக்கு வழி இல்லையா? இருக்கிறது. பழைய ஜாவா குலுக்குவது பெரும்பாலும் வடிவமைப்பின் குற்றம் இல்லை, தேய்மானம்தான். ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்தால் வால் ஆடும். ஃபோர்க் குழாயில் துரு குழி விழுந்தால் சீலை அறுத்து எண்ணெய் ஒழுகும், அப்புறம் அங்கே வெறும் ஸ்பிரிங்தான் மிச்சம். குழாயைத் தேய்த்து ஹார்டு குரோம் போட்டு, புது சீல், புது எண்ணெய், புது புஷ், புது பேரிங், அதே உயரத்தில் நல்ல ஷாக், சீட்டுக்குள் புது ஃபோம். வெளியே பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாது. தேய்வதை மாற்றுவோம், அடையாளத்தை விடுவோம். இதுதான் நான் தம்பியிடம் சொன்னது.

முடிவை அப்பாவிடமே விட்டோம். "எனக்கு கே.ஆர்.எஸ். வரைக்கும் ஒரு தடவை போகணும். ஆனா போறது என் வண்டியா இருக்கணும்" என்றார். தம்பி இப்போது 16 அங்குல டயர் தேடிக்கொண்டிருக்கிறான்.