ஏட்டு வரியும் செய்யுளடியும்

எழுத்து ஓரிடத்தில் முறிந்து மறுவரி தொடங்குதல் இருவகைப்படும். ஓலையோ தாளோ முடிந்தமையால் நேர்வது ஒன்று. பாட்டின் அடியோ உரையின் பந்தியோ முடிந்தமையால் நேர்வது மற்றொன்று. முன்னையது எழுதும் இடத்தின் குறை; பின்னையது நூலின் உறுப்பு. இவ்விரண்டையும் வேறுபிரித்தறிந்து, ஒன்றை நீக்கி மற்றொன்றை நிறுத்துதல் பதிப்புத் தொழிலின் முதற்படியாகும்.

பனையோலை ஏடுகளிற் செய்யுள்கள் உரைநடைபோலவே தொடர்ந்து எழுதப்பட்டன. ஓலையின் அகலம் சில விரலளவே ஆதலின், இடம் வீணாகாவண்ணம் எழுத்தாணி ஓரத்திலிருந்து ஓரம்வரை ஓடிற்று. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் சொற்களுக்கிடையே வெளியும் பெரும்பாலும் இல்லை. உரையுடைய நூல்களில் மூலமும் உரையும் ஒரே ஓட்டமாய் அமைந்தன. ஏட்டைப் பயில்வோன் ஆசிரியரிடத்துப் பாடங்கேட்டவனாதலின், அடி முடியுமிடத்தை அவன் செவியே காட்டிற்று.

நூல்கள் அச்சேறிய 19ஆம் நூற்றாண்டில் இந்நிலை மாறியது. அச்சுநூலை வாங்குவோன் பாடங்கேளாதவனாகவும் இருத்தல் கூடும். ஆகவே செவி செய்த வேலையைத் தாள் செய்யவேண்டியதாயிற்று. வண்ணார்பண்ணையில் அச்சியந்திரசாலை நிறுவிய ஆறுமுக நாவலர் (1822–1879) சந்தி பிரித்தும் குறியீடுகள் இட்டும் உரைநடை நூல்களை வெளியிட்டார். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் (1855–1942) சீவகசிந்தாமணியை வெளியிட்டார்.

அடி வகுக்கப் புகுந்த பதிப்பாசிரியர்க்கு ஏட்டின் முறிவு உதவாது, யாப்பிலக்கணமே உதவும். விருத்தத்தில் எதுகை நான்கடியின் தொடக்கத்தையும் காட்டும். நேரிசையாசிரியத்தில் ஈற்றயலடி முச்சீராய் வருதல் பாட்டின் முடிவு அணித்தென அறிவிக்கும். சீர்களின் எண்ணிக்கை பொருந்தாவிடின், ஏட்டில் யாதோ சிதைந்ததென்பதும் அதனாற் புலனாகும்.

இவ்வேறுபாடு பொறிகளின் காலத்திலும் ஒழிந்திலது. தட்டச்சுப்பொறியின் நெம்புகோலைத் தள்ளினால், தாளேந்திய உருளை தொடக்கத்துக்கு மீளும். தாளும் ஒரு வரி மேலேறும். தொலையச்சுப்பொறிகள் இவ்விரு செயலுக்கும் இரு தனிக்குறிகளைக் கொண்டன. 1963இல் வெளியான ஆஸ்கி என்னும் அமெரிக்கக் குறிமுறை, மீளற்குறிக்கு 13 என்றும் வரியேற்றக்குறிக்கு 10 என்றும் எண் வகுத்தது. யுனிக்ஸ் பின்னையதை மட்டும் ஏற்றது. 1981இல் வந்த எம்.எஸ்.டாஸ் இரண்டையும் ஏற்றது. இவ்வாறு, கையின் அசைவாயிருந்த வரிமுறிவு எழுத்துக்களோடு தானும் ஓர் எழுத்தாகக் கணினியிற் புகுந்தது.

அச்சுநூலொன்றைக் கணினியில் ஏற்றும்போது, பழைய தாளின் வரிமுறிவுகள் யாவும் இக்குறிகளாகவே வந்துசேரும். அவற்றை ஒருசேர நீக்கின், பந்திகள் கலந்து ஏட்டுநிலை மீளும். ஆதலின் செய்யுட்பகுதிகளை முன்னரே விலக்கிவைத்தல் வேண்டும். பந்திகளுக்கிடையே வெற்றுவரி இருப்பின் அங்கு இரு முறிவுகள் அடுத்து நிற்கும். அவ்விரட்டைகளை நூலில் வாராத ஒரு குறியாக முதலில் மாற்றுக. எஞ்சிய தனிமுறிவுகளை இடைவெளியாக்குக. பின்னர் அக்குறியை மீளவும் இரு முறிவுகளாக்குக. உரைத்தொகுப்பியில் மூன்று கட்டளைகளால் ஒரு பெருநூலும் ஒழுங்குபெறும்.

எனினும் தமிழுக்கு ஓர் இடர் உண்டு. தமிழ் அச்சில் வரியிறுதியில் நிற்கும் சொல், இணைப்புக்குறியின்றியே முறிந்து மறுவரியிற் தொடர்தல் வழக்கம். பில் ஜாய் 1976இல் அமைத்த வீஐ என்னும் தொகுப்பியில், ஜே என்னும் பெரிய எழுத்தொன்றே இரு வரிகளை இணைத்து நடுவில் இடைவெளியும் இடும். ஆங்கிலத்துக்கு நலமாகும் அவ்வெளி தமிழ்ச்சொல்லை இரண்டாகப் பிளக்கும். வெளி வேண்டுமிடம் யாது, வேண்டாவிடம் யாது என்பதைக் குறிகள் உரையா. சொல்லறிந்தோன் ஒருவன் படித்தே காணவேண்டும். கட்டளை கைவேலையைக் குறைக்கும். ஏடு படித்தோர் மேற்கொண்ட கண்வேலை இன்றும் பதிப்பாசிரியனுக்கு உரியதே.