எரிக்கா வைன்ட்சியர்ல்: தன் நாட்டையும் திருச்சபையையும் ஆவணங்களின் முன் நிறுத்திய வரலாற்றுப் பேராசிரியர்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மீண்டெழுந்த ஆஸ்திரியக் குடியரசு, ஹிட்லரின் ஆக்கிரமிப்புக்கு முதலில் இரையான நாடு என்றே தன்னைப் பல பத்தாண்டுகள் அடையாளப்படுத்திக்கொண்டது. நேச நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் 1943 நவம்பரில் வெளியிட்ட மாஸ்கோ அறிவிப்பு இதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. ஆனால் ஜெர்மனியின் பக்கம் நின்று போரில் பங்கேற்ற பொறுப்பு ஆஸ்திரியாவுக்கு உண்டு என்று அதே அறிவிப்பு சொன்ன பகுதியை நாட்டின் அரசியல்வாதிகள் நினைவூட்ட விரும்பவில்லை. நாட்டின் முழு இறையாண்மையை மீட்டுத்தந்த 1955ஆம் ஆண்டின் அரசு உடன்படிக்கை கையெழுத்தாவதற்கு முந்தைய நாள், பொறுப்பைப் பற்றிய அந்த வாசகம் வெளியுறவு அமைச்சர் லியோபோல்ட் ஃபிகலின் கோரிக்கையின்பேரில் முகவுரையிலிருந்து நீக்கப்பட்டது. இப்படி நீக்கப்பட்டதையும் மறக்கப்பட்டதையும் ஆவணங்களின் துணையோடு மீண்டும் பேசவைத்தவர்களுள் முதன்மையானவர் வரலாற்றுப் பேராசிரியர் எரிக்கா வைன்ட்சியர்ல்.

அவர் 1925 ஜூன் 6 அன்று வியன்னாவில் பிறந்தார். பிறந்த குடும்பத்தின் பெயர் ஃபிஷர். ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைக்கப்பட்ட 1938 மார்ச்சில் பன்னிரண்டு வயதுச் சிறுமியாக இருந்த அவர், நாஜி ஆட்சிக் காலத்திலேயே வளர்ந்து, மாணவர்களின் ஆன்மிக வழிகாட்டியாக இருந்த கார்ல் ஷ்ட்ரோப்ல் என்ற குருவானவரைச் சுற்றி இயங்கிய கத்தோலிக்க மாணவர் வட்டத்தில் சேர்ந்தார். இறுதிவரை பற்றுள்ள கத்தோலிக்கராகவே வாழ்ந்த ஒருவர் தம் திருச்சபையின் நடத்தையைக் கடுமையாக ஆராய்ந்தார் என்பதில் முரண் எதுவுமில்லை. விசுவாசத்தின் பெயரால் எழுந்த கேள்வி என்பதாலேயே அவருடைய ஆய்வை வெளியாளின் பகைமை என்று எவராலும் ஒதுக்க முடியவில்லை.

வியன்னா பல்கலைக்கழகத்தில் வரலாறும் கலைவரலாறும் பயின்று 1948இல் முனைவர் பட்டம் பெற்ற அவர், அதே ஆண்டில் ஹாப்ஸ்பர்க் அரச குலத்தின் குடும்ப ஆவணங்களும் அரசவை, அரசாங்க ஆவணங்களும் சேர்ந்து கிடக்கும் மாபெரும் ஆவணக் காப்பகத்தில் பணியேற்று 1964 வரை அங்கேயே இருந்தார். இந்தப் பதினாறு ஆண்டுகளை வெறும் உத்தியோகக் காலமாகக் கருதிக் கடந்துவிடக் கூடாது. ஒரு பட்டயம் உண்மையானதா, அது எந்த அலுவலகத்தில் யாரால் எந்த நோக்கத்துடன் எழுதப்பட்டது என்பதை முதலில் நிறுவிக்கொண்ட பின்னரே அதன் செய்தியைப் பயன்படுத்த வேண்டும் என்னும் வியன்னா மரபு, இடைக்கால ஆவணங்களுக்காக வகுக்கப்பட்டது. அவருடைய முதல் நூலும் அந்த மரபைச் சேர்ந்ததே. கரிந்தியா மாநிலத்தின் மில்ஷ்டாட் என்னும் ஊரிலிருந்த பெனடிக்டைன் துறவு மடத்தைப் பற்றிய அது 1951இல் வெளிவந்தது. மடங்களின் பழம் ஏடுகளில் பயின்ற அதே கண்டிப்பை அவர் பின்னாளில் ஆயர்களின் கடிதங்கள்மீதும் அரசு அலுவலகங்களின் கோப்புகள்மீதும் செலுத்தினார்.

அவரைத் தற்காலத்துக்கு அழைத்துவந்தது கன்கார்டட் பற்றிய ஆய்வு. கன்கார்டட் என்பது திருத்தந்தையின் ஆட்சிப்பீடத்துக்கும் ஒரு நாட்டின் அரசுக்கும் இடையே, திருமணம், கல்வி, ஆயர் நியமனம் முதலியவற்றில் இரு தரப்பின் உரிமைகளையும் வரையறுத்துச் செய்துகொள்ளப்படும் உடன்படிக்கையாகும். பேரரசர் ஃபிரான்ஸ் யோசப் 1855இல் செய்துகொண்ட கன்கார்டட் திருமணச் சட்டத்தையும் பள்ளிக்கூடங்களையும் பெருமளவு திருச்சபையின் கையில் ஒப்படைத்தது. 1868ஆம் ஆண்டின் சட்டங்கள் அந்த அதிகாரத்தைக் குறைத்தன. திருத்தந்தையின் வழுவாத் தன்மை பற்றிய கோட்பாடு அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து 1870இல் பேரரசு அந்த உடன்படிக்கையையே முறித்துக்கொண்டது. இரண்டாவது கன்கார்டட் 1933 ஜூனில் கையெழுத்தானது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் பிரதமர் எங்கல்பெர்ட் டோல்ஃபுஸ் நாடாளுமன்றத்தை முடக்கிச் சர்வாதிகாரத்துக்கு வழிவகுத்திருந்தார். 1934 பிப்ரவரியில் தொழிலாளர் எழுச்சி பீரங்கிகளால் நசுக்கப்பட்டுச் சமூக ஜனநாயகக் கட்சியும் தடைசெய்யப்பட்ட நிலையில், அந்த ஆண்டு மே முதல் நாளன்று புதிய சர்வாதிகார அரசியல் சட்டமும் கன்கார்டட்டும் ஒருசேர நடைமுறைக்கு வந்தன. இந்த இரண்டு உடன்படிக்கைகளையும் பற்றி வைன்ட்சியர்ல் 1960இல் வெளியிட்ட நூலே, பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றும் தகுதியை அடுத்த ஆண்டில் அவருக்குப் பெற்றுத்தந்தது. பீடமும் ஆட்சியும் கைகோத்தபோது திருச்சபை அடைந்த ஆதாயம் என்ன, அதற்குக் கொடுத்த விலை என்ன என்ற வினா இதன் பின் அவரை விட்டு அகலவில்லை.

அந்த வினாவின் கூர்மையை உணர 1938ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். ஜெர்மானியப் படைகள் நுழைந்த சில நாட்களுக்குள், மார்ச் 18ஆம் நாளிட்ட அறிக்கையில் ஆஸ்திரிய ஆயர்கள் தேசிய சோசலிசத்தின் சாதனைகளைப் பாராட்டி, ஏப்ரல் 10 அன்று நடக்கவிருந்த வாக்கெடுப்பில் இணைப்பை ஆதரிக்குமாறு விசுவாசிகளைக் கேட்டுக்கொண்டனர். அதனுடன் அனுப்பிய கடிதத்தில் கர்தினால் தியோடோர் இன்னிட்சர் ஹிட்லர் வாழ்த்தையும் தம் கைப்பட எழுதிச் சேர்த்தார். அதே இன்னிட்சரின் மாளிகை அக்டோபரில் ஹிட்லர் இளைஞர் படையால் சூறையாடப்பட்டது. பிறப்பால் யூதர்களான கத்தோலிக்கர்களுக்கு உதவ 1940இல் தம் மாளிகையிலேயே ஓர் உதவி மையத்தைத் தொடங்கியவரும் அவரே. இவற்றுள் ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது எளிது. இரண்டையும் அருகருகே வைத்து எடைபோடுவதே வரலாற்றாசிரியரின் கடமை என்பதை வைன்ட்சியர்லின் எழுத்துகள் காட்டுகின்றன.

1964இல் சால்ஸ்பர்க் நகரில் திருச்சபையின் சமகால வரலாற்றுக்கான நிறுவனத்தின் தலைமையை ஏற்ற அவர், 1969இல் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் முழுப் பேராசிரியரானார். சமகால வரலாறு என்பது, வாழ்ந்தவர்களின் நினைவு இன்னும் அழியாத காலத்தை ஆராயும் துறை. ஆஸ்திரியாவில் அது அப்போதுதான் முளைவிட்டிருந்தது. அந்நாளைய சூழலை ஒரு நிகழ்ச்சி உணர்த்தும்: வியன்னாவின் உலக வணிகக் கல்லூரியில் பேராசிரியராயிருந்த தாராஸ் போரோடாய்கேவிச் வகுப்பறையில் யூத வெறுப்பை வெளிப்படையாகப் பேசிவந்ததை எதிர்த்து 1965 மார்ச்சில் நடந்த ஆர்ப்பாட்டத்தில், எர்ன்ஸ்ட் கிர்ஷ்வெகர் என்ற முன்னாள் எதிர்ப்புப் போராளி வலதுசாரி மாணவர் ஒருவரால் தாக்கப்பட்டு ஏப்ரல் 2 அன்று உயிரிழந்தார். போர் முடிந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அத்தகைய காலத்தில்தான், 1969இல், ‘மிகக் குறைவான நீதிமான்கள்’ என்று பொருள்படும் தலைப்புடன் வைன்ட்சியர்லின் புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. 1938 முதல் 1945 வரை யூதர்கள் வதைக்கப்பட்டபோது ஆஸ்திரியர்கள் என்ன செய்தார்கள் என்பதே அதன் பொருள். இணைப்பின்போது அந்நாட்டில் ஏறத்தாழ 2 இலட்சம் யூதர்கள் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் எல்லாவற்றையும் இழந்து நாட்டைவிட்டு ஓட, ஏறக்குறைய 65,000 பேர் கொல்லப்பட்டனர். வியன்னாத் தெருக்களில் அவர்களை முழந்தாளிடச் செய்து தரையைத் தேய்க்கவைத்தவர்கள் பெர்லினிலிருந்து வந்தவர்களல்லர், அண்டைவீட்டாரே. கடைகளையும் வீடுகளையும் பறித்து யூதரல்லாதாருக்குக் கொடுத்த, ஆரியமயமாக்கல் எனப்பட்ட கொள்ளையில் ஆதாயம் கண்டவர்களும் உள்ளூர்க்காரர்களே. ஆஸ்பாங் ரயில் நிலையத்திலிருந்து நாடுகடத்தும் வண்டிகள் நகரத்தின் கண்ணெதிரேதான் புறப்பட்டன. இத்தனைக்கும் நடுவில், நீர்மூழ்கிகள் என்று அக்காலத்து வழக்கில் அழைக்கப்பட்ட தலைமறைவு யூதர்களுக்குத் தம் உணவுப் பங்கீட்டையும் படுக்கையையும் பகிர்ந்தளித்தவர்களும் இருந்தனர். அவர்களைத் தேடி எடுத்துப் பெயரிட்டுக் காட்டியது இந்நூலின் பெருந்தொண்டு. ஆனால் அந்தச் சிலரைக் கேடயமாக்கி ஒரு நாடு முழுவதும் ஒளிந்துகொள்ள அவர் இடம் தரவில்லை. உதவி சாத்தியமாயிருந்தது என்பதை அச்சிலரின் வாழ்வே மெய்ப்பிப்பதால், உதவாத பெரும்பாலோரின் பொறுப்பு அதனால் கூடியதே தவிரக் குறையவில்லை. இந்த வாதத்தின் நேர்மைதான் அந்நூலை இன்றும் வாசிக்கத்தக்கதாக வைத்திருக்கிறது.

1973இல் சமகால வரலாற்றுக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கிய அவர், கூர்ட் ஸ்கால்னிக்குடன் இணைந்து ஆஸ்திரியாவில் போருக்கு முன்னும் பின்னும் அமைந்த இரண்டு குடியரசுகளைப் பற்றியும் விரிவான தொகுப்பு நூல்களைப் பதிப்பித்தார். 1979இல் வியன்னா பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. அங்குள்ள சமகால வரலாற்று நிறுவனத்துக்கு, அதை உருவாக்கிய லுட்விக் யெட்லிட்ஸ்காவுக்குப் பின் தலைமையேற்று ஓய்வுபெறும்வரை வழிநடத்தினார். யூத வெறுப்புக்கு எதிரான குடிமக்கள் அமைப்பின் தலைவராகவும் பணியாற்றினார்.

ஐக்கிய நாடுகள் அவையின் முன்னாள் பொதுச் செயலர் கூர்ட் வால்ட்ஹைம் 1986இல் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டபோது, பால்கன் பகுதியில் ஜெர்மன் படையில் ஆற்றிய பணியை அவர் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் மறைத்திருந்தது வெளியாகி நாடே பிளவுபட்டது. வால்ட்ஹைம் வென்றார் என்றாலும், முதல் பலி நாடு என்ற கதை அதன் பின் பழையபடி நிலைகொள்ளவில்லை. நாஜிக் காலத்துக் கத்தோலிக்கர்களைப் பற்றிய தம் நூலை 1988இல் வைன்ட்சியர்ல் வெளியிட்டார். 1991 ஜூலை 8 அன்று பிரதமர் ஃபிரான்ஸ் ஃபிரானிட்ஸ்கி நாடாளுமன்றத்தில் ஆஸ்திரியர்களின் பங்கையும் பொறுப்பையும் ஒப்புக்கொண்டார். ஆராய்ச்சியாளர்கள் அதற்குள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சான்றுகளைக் குவித்துவைத்திருந்தனர்.

ஆஸ்திரியப் பெண்களின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றைப் பற்றியும், அத்துறை பல்கலைக்கழகங்களில் இடம்பெறுவதற்கு முன்பே, 1975இல் அவர் ஒரு நூல் எழுதியிருந்தார். 2014 அக்டோபர் 28 அன்று வியன்னாவில் அவர் காலமானார். பெண்கள், பாலினம் குறித்த சிறந்த ஆய்வேடுகளுக்குச் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகம் வழங்கும் பரிசு அவர் பெயரைத் தாங்கியுள்ளது.