சரளி முதல் வர்ணம் வரை: வாத்தியப் பயிற்சிப் பாடங்களின் வரலாறு

கர்நாடக இசையில் குரலையும் கையையும் பழக்குவதற்கென்றே அமைந்த பாடங்களுக்கு அப்பியாச கானம் என்று பெயர். கச்சேரி மேடைக்குரிய உருப்படிகள் சபா கானம் எனப்படும். சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, மேல்ஸ்தாயி வரிசை, அலங்காரம், கீதம், ஸ்வரஜதி, வர்ணம் என்பது அப்பியாச கானத்தின் வழக்கமான ஒழுங்கு. கொழும்பு வெள்ளவத்தையில் வீணை தொடங்கும் பிள்ளையும் தஞ்சாவூரில் வயலின் தொடங்கும் பிள்ளையும் வாய்ப்பாட்டு மாணவரும் ஏறத்தாழ இதே படிகளில்தான் ஏறுகிறார்கள். பாடம் குரலுக்காகப் பிறந்தது. வாத்தியம் அதைத் தன் கைக்கு ஏற்ப எடுத்துக்கொண்டது.

இந்த ஒழுங்கை வகுத்தவர் புரந்தரதாசர் (1484–1564) என்பது மரபு. மாயாமாளவகௌளை ராகத்தைத் தொடக்கப் பாடத்துக்குத் தேர்ந்தவரும், மலஹரி ராகத்தில் பிள்ளையார் கீதங்களை அமைத்தவரும் அவரே என்பர். 15ஆவது மேளமான மாயாமாளவகௌளையின் அமைப்பு தொடக்கநிலை மாணவருக்கு வசதியானது. ஸ–ரி–க–ம என்ற முன்பாதியின் இடைவெளிகள் ப–த–நி–ஸ என்ற பின்பாதியில் அப்படியே திரும்ப வருகின்றன. முன்பாதியில் பழகிய விரல் இடைவெளியே பின்பாதிக்கும் உதவும். அரை ஸ்வர நெருக்கமும் அகன்ற இடைவெளியும் அடுத்தடுத்து வருவதால், ஸ்வரத்தானம் பிசகினால் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

ஒவ்வொரு வரிசைக்கும் தனி வேலை உண்டு. முதல் சரளி வரிசையில் ஏற்றத்துக்கு 8, இறக்கத்துக்கு 8 என 16 ஸ்வரங்கள். ஆதி தாளத்தில் முதற்காலத்தில் அது இரண்டு ஆவர்த்தனம் எடுக்கும். இரண்டாம் காலத்தில் ஒன்று. மூன்றாம் காலத்தில் அரை. தாளத்தின் வேகம் மாறாமல் ஸ்வரம் மட்டும் இரட்டிப்பதால், விரலின் வேகமும் லயக் கட்டுப்பாடும் சேர்ந்தே வளரும். ஜண்டை வரிசையில் ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டையாக வரும். இரட்டையின் இரண்டாவது ஸ்வரத்தைக் கீழ் ஸ்வரத்திலிருந்து தொட்டு அழுத்துவது ஸ்புரிதம். இதுவே மாணவர் கையில் வரும் முதல் கமகம், அதாவது ஸ்வர அசைவு. தாட்டு வரிசை ஸ்வரங்களைத் தாண்டிச் செல்லப் பழக்கும். அலங்காரங்கள் ஏழும் துருவம் (14 அட்சரம்), மட்டியம் (10), ரூபகம் (6), ஜம்பை (10), திரிபுடை (7), அட (14), ஏகம் (4) என்னும் ஏழு தாளங்களுக்கு ஒவ்வொன்றாக அமைந்தவை. மிருதங்கத்துக்குத் தனிப் பாடமுறை உண்டு. அது 'த தி தொம் நம்' என்ற சொற்களில் தொடங்கி, அவற்றையும் மூன்று காலத்தில் வாசிக்கப் பழக்கும்.

வயலினின் வருகை இந்த முறைக்கு ஒரு சோதனையாக அமைந்தது. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1858) அந்த மேற்கத்திய வாத்தியத்தைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதை மேடையில் நிலைநிறுத்தினார். வாத்தியம் வந்ததே தவிர அதன் பாடநூல் வரவில்லை. தந்திகள் ஸ–ப–ஸ–ப எனச் சுருதி கூட்டப்பட்டன. வாசிப்பவர் தரையில் அமர்ந்து, வயலினின் தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றினார். கழுத்து அசையாமல் நின்றதால் இடக்கை தந்தியில் தடையின்றி வழுக்கி, கமகத்துக்கு இடம் கொடுத்தது. ஒரு ஸ்வரத்துக்கு ஒரு வில், பிறகு ஒரே வில்லில் பல ஸ்வரம் என்று வில் பயிற்சியும் சரளி வரிசையின் மேலேயே கட்டப்பட்டது.

ஐரோப்பாவில் பயிற்சி உருப்படி வேறு வழியில் வளர்ந்தது. 1795இல் தோன்றிய பாரிஸ் இசைக் கல்லூரி போன்ற நிறுவனங்களும் பியானோவின் பரவலும் அதற்கு உரமிட்டன. அங்கு வயலின் கற்பித்த குரூட்ஸரின் பயிற்சிகள் வயலினுக்கு மட்டுமே உரியவை. செர்னியின் பயிற்சிகளும் 1873இல் வெளிவந்த ஹானோனின் 60 பயிற்சிகளும் பியானோ விரல்களுக்கு உரியவை. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனிப் பாடநூல் என்பதே அங்கு வழக்கம். ஷோப்பான் 1833இலும் 1837இலும் பன்னிரண்டு பன்னிரண்டாக வெளியிட்ட 'எத்யூட்'கள் பயிற்சிக்காகவே எழுதப்பட்டும் கச்சேரி மேடையில் நிலைத்தன.

கர்நாடக இசையில் அந்த இடம் தானவர்ணத்துக்கு உரியது. பல்லவி, அனுபல்லவி, முக்தாயி ஸ்வரம், சரணம், எத்துகட ஸ்வரங்கள் என்ற கட்டமைப்புக்குள் ராகத்தின் முக்கியப் பிரயோகங்கள் அனைத்தையும் அது அடக்கிவிடும். சியாமா சாஸ்திரியின் குருவான பச்சிமிரியம் ஆதியப்பையா பைரவி ராகத்தில், அட தாளத்தில் இயற்றிய 'விரிபோணி' இவ்வகைக்கு இலக்கணமாகக் கருதப்படுகிறது. பின்னர் வீணை குப்பையர், பட்டணம் சுப்பிரமணிய ஐயர், ராமநாதபுரம் ஸ்ரீநிவாச ஐயங்கார் ஆகியோர் வர்ண வளத்தைப் பெருக்கினர். ஒரே வர்ணத்தை இரண்டு காலங்களில் வாசிப்பது இன்றும் நாள்தோறும் செய்யும் சாதகம். கச்சேரியை வர்ணத்தில் தொடங்கும் வழக்கமும் நிலைபெற்றதால், பயிற்சிப் பாடம் மேடையின் வாசலாகவும் ஆனது.

குரு வாயால் சொல்ல, மாணவர் கேட்டுத் திருப்பி வாசித்த இப்பாடங்கள் 19ஆம் நூற்றாண்டில் அச்சேறத் தொடங்கின. 20ஆம் நூற்றாண்டில் கல்லூரிகளும் பரீட்சைகளும் அவற்றைப் பாடத்திட்டமாக்கின. சிதம்பரத்தில் 1929இல் உருவான இசைக் கல்லூரி, பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் அங்கமாகி, இலங்கை மாணவர் பலரையும் ஈர்த்தது. 1931இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவற்றுக்குத் தரவாரியான பரீட்சைகளை நடத்தியது. வரிசைகளும் அலங்காரங்களும் தொடக்கத் தரங்களிலும், வர்ணமும் கீர்த்தனையும் மேல் தரங்களிலும் இடம்பெற்றன. இறுதித் தரத்தில் தேறியவருக்குக் 'கலாவித்தகர்' பட்டம் கிடைத்தது. 1960இல் மருதனார்மடத்தில் தொடங்கிய இராமநாதன் இசைக் கல்லூரி இலங்கையிலேயே ஆசிரியர்களை உருவாக்கியது. 1970களின் நடுப்பகுதியில் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது.

கொழும்பில் இரு மரபுகளும் அருகருகே இயங்கின. லண்டனில் 1889இல் அமைந்த ராயல் இசைக் கல்லூரிகளின் கூட்டுச் சபையும் டிரினிட்டி கல்லூரியும் நடத்தும் பரீட்சைகளுக்காகப் பியானோ மாணவர்கள் ஸ்கேல்களைப் பழகினார்கள். உத்தியோகம் பார்க்க வந்த வடபகுதித் தமிழர் குடியேறிய வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை வீடுகளில் சங்கீத சபைப் பரீட்சைக்கான வீணையும் வயலினும் ஒலித்தன. பாடசாலை மட்டத்தில் கல்விப் பொதுத் தராதர சாதாரண தரப் பரீட்சையில் கர்நாடக சங்கீதமும் மேலைத்தேய சங்கீதமும் தனித்தனிப் பாடங்கள். 1983 இன வன்முறைக்குப் பின் லண்டனுக்கும் டொரொன்டோவுக்கும் புலம்பெயர்ந்த ஆசிரியர்கள், அதே மாயாமாளவகௌளையையும் அதே தரவரிசை முறையையும் அங்கும் தொடர்ந்தனர்.